வங்கி போட்டுவிட்ட தீ பாலிசி ஒரு பவர்டேபிளுக்குப் போதுமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. திருப்பூரில் வாடகை ஷெட்டில் முப்பது மிஷின்களோடு பவர்டேபிள், அதாவது பனியன் துணி தைக்கும் கூடம், நடத்துகிறீர்கள். பெரிய கம்பெனிகள் அனுப்பும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்வதோடு, உள்நாட்டு விற்பனைக்குச் சொந்தமாகவும் கொஞ்சம் சரக்குப் போடுகிறீர்கள். வங்கியில் 25 லட்சம் ரூபாய்க்குக் கேஷ் கிரெடிட், அதாவது சரக்கின் பேரில் வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு, இருக்கிறது. ஆண்டுதோறும் வங்கியே உங்கள் கணக்கிலிருந்து பிரீமியத்தை எடுத்துத் தீக் காப்பீடு போட்டுவிடுகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு குடோன் எரிந்ததைப் பார்த்த பிறகு, இது போதுமா, தனியாக வேறு ஏதாவது எடுக்க வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கிறது.

போதாது. உங்கள் பாலிசியைக் கண்ணால் பார்க்காமலே இப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. கொங்குப் பகுதியில் இழப்பு மதிப்பீட்டாளராக, அதாவது நீங்கள் சர்வேயர் என்று சொல்லும் வேலையில், பல ஆண்டுகளாக எரிந்த ஷெட்டுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்த குடோன்களுக்குள்ளும் போய் வந்துகொண்டிருக்கிறேன். இழப்பீடு குறைந்துபோனவர்களையும் கிடைக்காமலே போனவர்களையும் எண்ணிப் பார்த்தால், தீ எப்படிப் பிடித்தது என்ற சிக்கலால் பாதிக்கப்பட்டவர்கள் அவர்களில் மிகக் குறைவு. பாலிசியோடு வரும் ஷெட்யூல் என்ற ஒற்றைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, என்ன எழுதாமல் விடப்பட்டிருந்தது என்பதால் பாதிக்கப்பட்டவர்களே மிகுதி. அந்தப் பக்கம் எழுதப்பட்ட நாளில் உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பதே இல்லை.

வங்கி ஏன் பாலிசி போடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். அது காப்பாற்ற நினைப்பது உங்கள் தொழிலை அல்ல, தன் கடனை. ஆகவே காப்பீட்டுத் தொகை என்ற கட்டத்தில் உங்கள் சரக்கின் மதிப்பு வராது, கடன் வரம்பு வரும். உங்கள் விஷயத்தில் அது 25 லட்சமாகத்தான் இருக்கும். அடமானமாகக் காட்டியது சரக்கை மட்டும் என்றால் பாலிசியும் சரக்குக்கு மட்டுமே இருக்கும். மிஷின்களும், கட்டிங் டேபிளும், நீங்கள் செலவு செய்து போட்ட மின் பேனலும் அதற்குள் வரமாட்டா. பணம் முதலில் வங்கிக்கே போய்ச் சேர வேண்டும் என்ற வங்கி நிபந்தனையும் அதில் அச்சாகியிருக்கும். இதற்காக வங்கியைக் குற்றம் சொல்ல முடியாது, அது தன் வேலையைச் செய்கிறது. அதை உங்கள் காப்பீடு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

முகவரியைக் கவனியுங்கள். ஒரு பவர்டேபிள்காரர் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு ஷெட் மாறினார். லெட்டர்பேடில் புது முகவரி, ஜிஎஸ்டி பதிவில் புது முகவரி, வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த சரக்கு இருப்புப் பட்டியலான ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டிலும் புது முகவரி. பாலிசி மட்டும் மூன்று ஆண்டுகளாகப் பழைய கதவு எண்ணுக்கே புதுப்பிக்கப்பட்டு வந்தது. தீக் காப்பீடு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் பொருளுக்குத்தான் பொருந்தும். ஆள் எங்கே போனாலும் பின்னாலேயே வராது. எரிந்த இடத்துக்கு நான் போனபோது அவர் கையில் பாலிசி நகல்கூட இல்லை. வங்கிக் கிளையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் பழைய கதவு எண்ணை இருவருமே பார்த்தோம். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வரவில்லை.

அடுத்தது தொகை. இங்கேதான் அதிகப் பேர் அடிவாங்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உங்கள் சொந்தச் சரக்கின் மதிப்பு 40 லட்சம், பாலிசி 25 லட்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் தீப்பிடித்து 10 லட்சம் மதிப்புள்ள துணி ரோல் எரிந்துபோகிறது. நட்டம் 10 லட்சம், பாலிசி 25 லட்சம், ஆகவே முழுப் பத்தும் வந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அப்படி வராது. நாற்பதில் இருபத்தைந்துக்கு மட்டும் காப்பீடு செய்தவர் மீதிப் பதினைந்துக்குத் தாமே காப்பீட்டாளர் என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. எந்த நட்டம் வந்தாலும் அதே விகிதத்தில் பங்கு பிரியும். 10 லட்சத்தை 25-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 6,25,000 ரூபாய். மீதி 3,75,000 உங்கள் தலையில். இதை ஆவரேஜ் என்பார்கள். சர்வேயர் கணக்குப் போட்டுக் காட்டும்போது பலர் கேட்கிற முதல் கேள்வி, "என்னங்க, இதையெல்லாம் யாரும் சொல்லவே இல்லையே" என்பதுதான்.

சிறு தொழில்களுக்கு இதில் ஒரு தளர்வு உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய பாலிசிகளைக் கொண்டுவந்தது. ஓர் இடத்தில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை என்றால் பாரத் லகு உத்யம் சுரக்ஷா. உங்களுடையது முதல் வகை. இதில் குறைக் காப்பீடு 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஆவரேஜ் பிடிக்கமாட்டார்கள். மேலே சொன்ன 40 லட்சச் சரக்குக்கு நீங்கள் 35 லட்சம் போட்டிருந்தால் குறைவு பன்னிரண்டரை சதவீதம்தான். எரிந்த 10 லட்சத்துக்கு, நீங்களே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் சொன்ன சிறு தொகை போக, முழுத் தொகையும் உண்டு. ஆனால் 25 லட்சம் போட்டவருக்குக் குறைவு முப்பத்தேழரை சதவீதம் என்பதால் தளர்வு பொருந்தாது, விகிதக் கணக்கு வந்துவிடும். கட்டடம், மிஷின், சரக்கு என ஒவ்வொரு தலைப்புக்கும் இந்தக் கணக்குத் தனித்தனியே நடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மிஷின்களுக்குத் தாராளமாகப் போட்டுவிட்டுச் சரக்குக்குக் குறைத்திருந்தால், ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் குறையை அடைக்காது.

இந்தப் பாலிசியில் வேறு சில வசதிகளும் உள்ளடங்கியுள்ளன. தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து வரும் சேதம் ஆகியவை எல்லாம் ஒரே பாலிசிக்குள் வருகின்றன. வேஸ்ட் துணிக் குவியல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொண்டாலும் உண்டு. பழைய வாசகத்தில் அது கிடையாது. பிரிண்டிங்குக்கோ வேறு வேலைக்கோ வெளியே அனுப்பிய சொந்தச் சரக்குக்கு, சரக்குத் தொகையில் 10 சதவீதம் வரை காப்பு உண்டு. எரிந்த இடத்தைச் சுத்தம் செய்யும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம் வரை தருவார்கள். வெள்ளம் என்றால் கடலோரத்துக்காரர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். 2011 நவம்பரில் ஜம்மனை ஓடை பெருக்கெடுத்து ஊருக்குள் என்ன செய்தது என்பது திருப்பூர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகளுக்குள் தண்ணீர் நின்றதையும் எல்லோரும் பார்த்தோம்.

இனி மிஷின்களுக்கு எந்தத் தொகை போடுவது? பலர் ஆடிட்டர் தந்த பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து, அதில் உள்ள எண்ணை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த எண் வருமான வரிக்காக ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்து வந்தது. பத்து ஆண்டில் அது வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். காப்பீட்டில் மிஷின்களுக்குப் பெரும்பாலும் புதுப்பொருள் மதிப்பு என்ற அடிப்படை பின்பற்றப்படுகிறது. அதாவது அதே திறனுள்ள புது மிஷினை இன்று வாங்கி நிறுத்த என்ன ஆகும் என்பதே கணக்கு. முப்பது மிஷின்களில் பாதியை நீங்கள் பழைய மிஷினாகவே வாங்கியிருந்தாலும், இன்று புதிதாக வாங்கினால் ஆகும் விலைக்கே காப்பீடு செய்ய வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் 4 லட்சம், புதிதாக வாங்க 16 லட்சம் என்றால், 4 லட்சம் போட்டவர் கால்வாசிக்குத்தான் காப்பீடு செய்திருக்கிறார். எரிந்ததில் கால்வாசிதான் வரும். இந்த அடிப்படையில் இழப்பீடு பெற, வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களுக்குள் புது மிஷினை வாங்கி நிறுத்தியிருக்க வேண்டும். தொழிலையே விட்டுவிடுகிறேன் என்றால் தேய்மானம் கழித்த சந்தை மதிப்புத்தான் கிடைக்கும்.

சரக்கைப் பொறுத்தவரை அடக்க விலைதான் கணக்கு, விற்பனை விலை அல்ல. ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஆர்டர் விலை என்ன என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த நிலைக்குக் கொண்டுவர நூல், நிட்டிங், சாயம், தையல் கூலி என்று எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதுதான். லாபம் இதில் வராது. நான்கு ஆண்டாக விற்காமல் கிடக்கும் பழைய பீஸ்களுக்கும் சர்வேயர் கழிவு போடுவார்.

ஜிஎஸ்டி விஷயம் பலருக்குத் தீ அணைந்த பிறகுதான் தெரியவருகிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி, தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரிக் கழிவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். 5 சதவீத வரியில் வாங்கிய 10 லட்சம் ரூபாய்ப் பின்னல் துணி எரிந்தால் 50,000 ரூபாய் அரசுக்குத் திரும்பப் போகும். இதுவும் உண்மையான நட்டம்தான். ஆனால் காப்பீட்டுத் தொகையைப் போடும்போதே வரியையும் சேர்த்துப் போட்டு, பிறகு திருப்பிக் கட்டியதற்கான ஆதாரத்தையும் காட்டினால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். இன்னொரு சிறு விஷயம்: பிரீமியத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, தொழிலுக்கான செலவு என்பதால் அதற்குக் கழிவும் உண்டு. வங்கி எடுத்த பாலிசியில் உங்கள் ஜிஎஸ்டி எண் ஏறாமல் இருந்தால் அந்தக் கழிவு ஆண்டுதோறும் வீணாகப் போய்க்கொண்டிருக்கும்.

உங்களுக்கு மிக முக்கியமானது என்று நான் நினைப்பது ஜாப் ஒர்க் சரக்கு. உங்கள் ஷெட்டில் எந்த நேரத்திலும் கிடக்கும் துணியில் பெரும்பகுதி உங்களுடையது அல்ல. கம்பெனிக்காரர் டெலிவரி சலானில் கட்டிங் பீஸ்களை அனுப்புகிறார், நீங்கள் தைத்துத் திருப்பி அனுப்புகிறீர்கள். அது உங்கள் கணக்குப் புத்தகத்தில் சரக்காக ஏறுவதில்லை, ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டிலும் வராது, ஆகவே வங்கி போட்ட பாலிசியிலும் வராது. பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும்போது, அதைத் தனியே குறிப்பிட்டுச் சேர்த்தால் ஒழியத் தீக் காப்பீடு அதற்குப் பொறுப்பேற்காது. துணிக்குச் சொந்தக்காரர் தன் பாலிசியில் ஜாப் ஒர்க் இடங்களையும் சேர்த்திருந்தால் அவருக்கு அங்கே பணம் கிடைக்கும். ஆனால் பணம் கொடுத்த நிறுவனம் அவருடைய இடத்தில் நின்று, அலட்சியத்தால் தீப்பிடித்தது என்று உங்கள்மேல் வசூலுக்கு வர உரிமை உண்டு. அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் அவரே உங்கள் பில் தொகையில் பிடித்துக்கொள்வார், அடுத்த ஆர்டரும் வராது. பத்து ஆண்டு உறவு இப்படி முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரிடம் ஜாப் ஒர்க் செய்கிறீர்களோ அவர்களிடம், உங்கள் ஷெட் அவர்கள் பாலிசியில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், பிறருக்குச் சொந்தமாய் உங்கள் பொறுப்பில் உள்ள சரக்கு என்று தனி வரியில் ஒரு தொகையை உங்கள் பாலிசியில் சேருங்கள். உச்சச் சீசனில் ஒரே நேரத்தில் எவ்வளவு கிடக்கும் என்பதைச் சலான்களை வைத்துக் கணக்கிடலாம்.

ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கடன் வரம்பு குறைந்துவிடக் கூடாது என்பதற்காக இல்லாத சரக்கை இருப்பதாக எழுதும் பழக்கம் ஊரறிந்த விஷயம். சர்வேயர் கேட்கும் முதல் ஆவணங்களில் இதுவும் ஒன்று. அதில் 45 லட்சம் என்றிருக்கிறது, கொள்முதல் பில்களையும் விற்பனையையும் ஜிஎஸ்டி கணக்கையும் வைத்துப் பின்னோக்கிப் போட்டால் 28 லட்சம்தான் வருகிறது என்றால், உங்கள் பேச்சில் மற்ற எதையும் நம்புவது கடினமாகிவிடும். 45 என்பதை ஏற்றுக்கொண்டால் குறைக் காப்பீடு என்று வெட்டு விழும். 28 என்பதை ஏற்றுக்கொண்டால் வங்கிக்குப் பொய் சொன்னதாகும். எந்தப் பக்கம் போனாலும் அடிதான். ஒரு நோட்டில் அன்றாடம் எழுதி வரும் எளிய சரக்குக் கணக்கும், கணினியில் இருக்கும் கணக்கின் நகல் ஷெட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருப்பதும், எந்த வக்கீலைவிடவும் உங்களுக்கு உதவும். கணக்கு நோட்டும் சரக்கோடு சேர்ந்து எரிந்துபோனவர்கள் நிறையப் பேர்.

தீக் காப்பீட்டில் எவை வராது என்பதையும் பார்த்துவிடுவோம். மின்கசிவால் தீப்பிடித்தால் காப்பீடே கிடையாது என்ற ஒரு பேச்சு உலவுகிறது, அது தவறு. எந்த மோட்டாரில், எந்தப் பேனலில் கசிவு நேர்ந்ததோ அந்தக் கருவியின் சேதம் மட்டும்தான் விலக்கு. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்ற மிஷின்களுக்கும் சரக்குக்கும் காப்பு உண்டு. மிஷின் பழுதாகி நின்றுபோவது தீக் காப்பீட்டில் வராது. அதற்கு வேறு பாலிசி இருக்கிறது, உங்கள் அளவுக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை. திருட்டு அப்படியல்ல. தீயோ வெள்ளமோ நேர்ந்து ஏழு நாள்களுக்குள் அதன் காரணமாக நடக்கும் திருட்டு மட்டுமே இதில் அடங்கும். சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் தூக்கிப்போவதற்குத் தனியாகக் கொள்ளைக் காப்பீடு வேண்டும். அதிலும் வலுவந்தமாக உள்ளே நுழைந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பாலிசியில் அப்படி எழுதியிருக்கும்போது, பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையாளே மறுசாவி போட்டு எடுத்துப்போனால் கொள்ளைக் காப்பீடு உதவாது. அதற்கு வேலையாள் நாணயக் காப்பீடு என்ற வகை இருக்கிறது.

தொழில் நின்றுபோகும் நாள்களின் நட்டத்தைத் தீக் காப்பீடு தராது. நான்கு மாதம் ஷெட் மூடிக் கிடந்தால் வாடகை, வட்டி, வைத்துக்கொள்ள வேண்டிய கட்டிங் மாஸ்டரின் சம்பளம் ஆகியவை நின்றுவிடுவதில்லை. இதற்கு லாப இழப்புக் காப்பீடு என்பதைத் தீக் காப்பீட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். பொருளுக்குச் சேதம் நேர்ந்து அதனால் தொழில் நின்றால்தான் அது செல்லும். சொந்த உற்பத்தியை இன்னும் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். இப்போதைக்கு முதலில் சரக்கையும் மிஷினையும் சரியாகப் போடுங்கள் என்பதே என் கருத்து.

ஷெட் வாடகைக்கு என்பதால் கட்டடத்தைக் காப்பீடு செய்ய வேண்டியவர் ஓனர்தான். அவர் செய்திருக்கிறாரா என்று கேட்டுவையுங்கள், ஏனென்றால் ஜாப் ஒர்க் சரக்கைப் பற்றிச் சொன்ன அதே வசூல் உரிமை இங்கும் உண்டு. நீங்கள் போட்ட ஒயரிங், தடுப்பு, பேனல் ஆகியவற்றுக்கு உங்கள் பாலிசியில் தனித் தொகை போடுங்கள். முன்னால் டீ குடிக்கவும் வேஸ்ட் மூட்டைகளை அடுக்கவும் தென்னங்கீற்றிலோ தார்ப்பாயிலோ சாய்ப்பு இறக்கியிருந்தால் அதை மறைக்காதீர்கள். காப்பீட்டில் அது கச்சாக் கட்டுமானம், அதாவது உறுதியில்லாத, எளிதில் பற்றிக்கொள்ளும் கட்டுமானம். சொல்லிவிட்டால் பிரீமியம் கொஞ்சம் கூடும், சொல்லாமல் விட்டால் தகவலை மறைத்தார் என்ற பேச்சு வரும். தொழில் என்ற கட்டத்தில் வெறுமனே "கடை" என்று எழுதிப் பிரீமியத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பாலிசி எடுக்காதீர்கள். தையல், அயர்னிங், வேஸ்ட் சேமிப்பு என்று நடப்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணம் கட்டுவதிலும் ஒரு சட்டப் புள்ளி இருக்கிறது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் காப்பீடு தொடங்காது. செக் திரும்பினால் பாலிசி கையில் இருந்தாலும் அது வெறும் காகிதம். புதுப்பிக்கத் தவறினால் வாகனக் காப்பீட்டைப் போலவே இதிலும் சலுகை நாள் கிடையாது. முடிவு நாளன்று நள்ளிரவோடு முடிந்ததுதான்.

அப்படியும் தீப்பிடித்துவிட்டால், தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்த கையோடு காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். மின்னஞ்சலே போதும். தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் வரும் வரை எரிந்ததை அள்ளிக் கொட்டாதீர்கள். ஆனால் நனையாமல் மிஞ்சியதைப் பிரித்து வைக்கும் கடமை உங்களுக்கு உண்டு, அதைச் செய்யாமல் விட்டு நட்டம் கூடினால் கூடிய பங்கு உங்களுடையது. நான் ஒரு ஷெட்டுக்குப் போவதற்கு முன்பே, அந்த ஓனர் நனைந்த ரோல்களை ஒரு வேஸ்ட் வியாபாரிக்குக் கிலோ கணக்கில் கொடுத்துவிட்டிருந்தார். வாசனை தாங்கவில்லை, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தார்கள் என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் எத்தனை ரோல், எத்தனை கிலோ என்பதற்கு ஒரு எடைச் சீட்டுகூட இல்லாத நிலையில் அதை என் அறிக்கையில் எப்படி எழுதுவது? இப்படி மிஞ்சும் பொருளைச் சால்வேஜ் என்போம். அதன் விலை இழப்பீட்டில் கழியும். விற்பதாக இருந்தால் சர்வேயர் சம்மதத்தோடு, மூன்று வியாபாரிகளிடம் விலை கேட்டு, எடைச் சீட்டோடு விற்க வேண்டும்.

சர்வேயர் ஆணையத்தின் உரிமம் பெற்றவர். அவரை அனுப்புவதும் அவருக்குக் கட்டணம் தருவதும் காப்பீட்டு நிறுவனம். அதனால் அவர் உங்கள் எதிரி என்றோ, கவனித்தால் காரியம் நடக்கும் என்றோ நினைத்து நடந்துகொள்ள வேண்டாம். இரண்டும் உங்களுக்குத்தான் கேடு. அவர் கேட்கும் காகிதங்களைத் தேதியிட்ட கடிதத்தோடு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். வெட்டு விழுந்த இடம் நியாயமாகப் படவில்லையென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அல்லது வந்த பதில் சரியில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர் உரிமையிலான தொழிலும் குறுந்தொழிலும் அங்கே மனு செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் வழி உண்டு. தொழில் நடத்துபவர் எடுத்த காப்பீடு என்பதால் மட்டும் அவர் நுகர்வோர் இல்லை என்று தள்ளிவிட முடியாது என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் வேலை இல்லாத நேரத்தில், கட்டிங் மாஸ்டரை வைத்துக்கொண்டு சொந்தச் சரக்கையும் ஜாப் ஒர்க் சரக்கையும் தனித்தனியாக எண்ணி எழுதுங்கள். மிஷின்களின் எண்ணிக்கையையும் மாடலையும் எழுதி, புது விலையை டீலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போய் இப்போதுள்ள பாலிசியின் ஷெட்யூல் நகலை வாங்கி, பெயர், முகவரி, தொழில், தொகை ஆகிய நான்கையும் உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு வழிகள் இருக்கின்றன. அதே பாலிசியில் தொகையைக் கூட்டித் தலைப்புகளைச் சேர்க்கச் சொல்லலாம். அல்லது நீங்களே நேரடியாகச் சூக்ஷ்ம பாலிசி ஒன்றை எடுத்து, வங்கியின் பெயரையும் அதில் சேர்த்து நகலைக் கொடுத்துவிடலாம். வங்கி சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவதையே செய்வேன், ஏனென்றால் அப்போது முகவரி மாறினாலும் மிஷின் கூடினாலும் திருத்தச் சொல்ல வேண்டியவர் நீங்களே, பாலிசியும் உங்கள் மேஜை டிராயரிலேயே இருக்கும். நேரடியாக எடுத்த பிறகு, அடுத்த ஆண்டு முதல் கணக்கிலிருந்து பிரீமியம் எடுக்க வேண்டாம் என்று மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் இரண்டு பாலிசிக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும். நட்டம் வந்தாலோ இரண்டு நிறுவனங்களும் ஒரே நட்டத்தைத்தான் பங்கிட்டுத் தரும்.